இலையின் வண்ணமும் தொட்டியின் மண்ணும்

மலரைப் பாடாத புலவர் இலர். கபிலர் தம் குறிஞ்சிப்பாட்டில் தொண்ணூற்றொன்பது மலர்களை அடுக்கிக் காட்டியதைத் தமிழ் பயிலும் மாணவர் அனைவரும் அறிவர். ஆயினும் தமிழர் இலையை மறந்தாரல்லர். தலைவன் தலைவிக்குக் கையுறையாகக் கொண்டு சென்றது பூ மட்டுமன்று, தழையும் ஆகும். தழையால் ஆடை தொடுத்து உடுத்த செய்தி சங்கப் பாடல்கள் பலவற்றுள் வருகின்றது. தலைவியின் மேனி நிறத்துக்கு உவமையாக வந்தது மாமரத்தின் மலரன்று, அதன் தளிரே. தொல்காப்பியரோ மரபியலில், புறத்தே வயிரமுடையவற்றைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையவற்றை மரம் என்றும் பிரித்தார். முன்னதன் உறுப்புகளுக்கு ஓலை, மடல் முதலான பெயர்களையும், பின்னதன் உறுப்புகளுக்கு இலை, தளிர் முதலான பெயர்களையும் வகுத்துத் தந்தார். இலையை இவ்வளவு கூர்ந்து நோக்கிய மரபில் வந்த நாம், நம் வீட்டுத் தாழ்வாரத்துத் தொட்டியில் நிற்கும் செடியின் இலை ஏன் சிவந்தது, ஏன் வெளுத்தது என்று யாரேனும் கேட்டால் விடையின்றி நிற்கிறோம். அவ்வினாவுக்கு விடை தேட நம்மைத் தூண்டியது ஒரு மலையூர்த் திண்ணை.

கொட்டச்சேட்டுத் திண்ணை

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காட்டுக்கு ஏறிச்செல்ல இரு சாலைகள் உள்ளன. பலரும் அறிந்தது இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட மலைப்பாதை. மற்றொன்று குப்பனூர் வழியாகச் செல்வது. அவ்வழியில் காப்பித் தோட்டங்களுக்கிடையே அமைந்த சிற்றூரே கொட்டச்சேடு. சில ஆண்டுகளுக்கு முன் மாணவர் சிலருடன் அவ்வழியே சென்றபோது தேநீர் அருந்தச் சற்று இறங்கினோம். எதிரே ஓட்டு வீடு ஒன்று. அதன் திண்ணை விளிம்பு முழுதும் தொட்டிகள். தொட்டிகள் என்று சொல்வதே மிகை: எண்ணெய்த் தகரங்கள், விளிம்புடைந்த மண்சட்டிகள், பழைய நெகிழி வாளி ஒன்று. ஆனால் அவற்றில் நின்ற செடிகளின் நிறங்களோ நம் கண்ணைப் பறித்தன. செம்பட்டுப்போல் ஒன்று, பச்சைமீது வெள்ளி தெளித்ததுபோல் ஒன்று, ஊதாவும் கரும்பச்சையும் கலந்து ஒன்று. பூ என்று ஒன்றுகூட அவற்றில் இல்லை. அத்தனையும் இலை.

வெள்ளி தெளித்த செடியை நாம் வியந்து நின்றதைக் கண்ட வீட்டுக்கார அம்மையார், "ஊருக்குக் கொண்டு போனா இது நிக்காதுங்க சார்" என்றார். நாம் சிரித்துக்கொண்டோம். ஏற்காட்டை அடைந்ததும் அதே செடி ஒன்றை விலைக்கு வாங்கி, ஊருக்குக் கொண்டுவந்து மாடி முகப்பில் வைத்தோம். தை, மாசி இரு திங்களும் நன்றாக இருந்தது. பங்குனியில் இலை ஓரங்கள் தீய்ந்தன. சித்திரையில் செடி துவண்டு விழுந்தது. நீர் போதவில்லை என்று எண்ணிக் காலையும் மாலையும் குடம் குடமாக ஊற்றினோம். மூன்றாம் வாரம் தண்டு அழுகிப் போயிற்று. "உங்களுக்குக் கைராசி இல்லை" என்று வீட்டில் ஒரே சொல்லில் முடித்துவிட்டார்கள்.

கைராசி என்று ஒன்று உண்டோ இல்லையோ, அச்செடி மாண்டதற்குக் காரணம் அதுவன்று என்பதைப் பின்னர்ப் படித்தும் கேட்டும் அறிந்தோம். நிலத்தில் நிற்கும் செடி தனக்கு வேண்டியதைத் தேடி வேரை நீட்டும். தொட்டிச் செடிக்கு உலகமே ஒரு சாண் மண்தான். ஒளியும் நீரும் காற்றும் நாம் வைத்த இடத்தில், நாம் கொடுத்த அளவில் கிடைப்பனவே. ஆகவே அதன் இயல்பை அறியாமல் வாங்குவது, மொழி தெரியாத விருந்தினரை அழைத்து வந்து அறையில் பூட்டிவைப்பதை ஒக்கும்.

இலை ஏன் சிவக்கிறது?

இலையின் பசுமைக்குக் காரணம் பச்சையம் எனும் நிறமி. அது கதிரொளியிலுள்ள சிவப்பையும் நீலத்தையும் மிகுதியாக ஈர்த்துக்கொண்டு பச்சையைப் பெரும்பாலும் விட்டுவிடுகிறது. அதனால் இலை பச்சையாகத் தோன்றுகிறது. ஈர்த்த ஒளியைக் கொண்டே செடி தன் உணவைச் சமைக்கிறது. மஞ்சளும் செம்மஞ்சளும் கரோட்டினாய்டு எனும் நிறமிகளால் வருவன. இவை பச்சையத்தோடு எப்போதும் உடனிருப்பவை. பச்சையம் குறையும்போது வெளித்தெரிபவை. பழுத்த இலை மஞ்சளாவது இதனால்தான்.

சிவப்பும் ஊதாவும் பெரும்பாலும் ஆந்தோசயனின் என்னும் வேறொரு நிறமியின் செயல். இது நீரில் கரைவது. இலையணுக்களின் சாற்றில் தங்குவது. மாந்தளிரின் செம்மையும் இதுவே. முற்றாத இளந்தளிர் கடும் ஒளியைத் தாங்காது. இச்செந்நிறம் குடைபோல நின்று அதனைக் காக்கிறது என்று தாவர இயலார் கருதுவர். இலை முற்றிப் பசுமை நிறைந்ததும் செம்மை மறைந்துவிடும். தலைவியின் மாமை நிறத்தைப் பாடிய புலவர்க்கு நிறமியின் பெயர் தெரியாது. ஆனால் தளிர் எந்நாளில் எந்நிறத்தில் இருக்கும் என்பது தெரிந்திருந்தது. சில செடிகளில் இச்செம்மை முற்றிய இலையிலும் நீங்காமல் நின்றுவிடுகிறது. வண்ண இலைச் செடிகள் பலவும் அத்தகையனவே.

வெள்ளை நிறத்தின் கதை வேறு. வெண்பட்டை உள்ள இடத்தில் பச்சையம் இல்லை. ஆகவே அவ்விடம் உணவு சமைப்பதில்லை. பச்சைப் பகுதி உழைக்க, வெண்பகுதி உண்டு வாழ்கிறது. இதனால்தான் வெண்மை மிகுந்த செடிகள் மெல்ல வளர்கின்றன. அவ்வாறான செடியில் திடீரென முழுப்பச்சையான கிளை ஒன்று தோன்றினால் சிலர் மகிழ்வர். மகிழ வேண்டா. அக்கிளை மற்றவற்றைவிட விரைந்து வளர்ந்து செடி முழுவதையும் பச்சையாக்கிவிடும். கண்டவுடன் அடியோடு வெட்டிவிட வேண்டும்.

கொட்டச்சேட்டில் நாம் கண்ட வெள்ளிப் பூச்சோ நிறமியே அன்று. அச்செடியில் இலையின் மேல்தோலுக்கும் அதன் கீழுள்ள திசுவுக்கும் இடையே நுண்ணிய காற்றிடைவெளிகள் உள்ளன. அவ்விடத்தில் ஒளி சிதறித் திரும்புவதால் வெள்ளிபோல் மின்னுகிறது. பிடுங்கி எடுத்துப் பார்த்தால் வெள்ளி என்று ஒன்று அங்கே இல்லை.

இவற்றை மாணவர் தாமே கண்டறியலாம். செம்பச்சை கலந்த கோலியஸ் இலை ஒன்றை வெந்நீரிலிட்டால் செந்நிறம் நீரில் இறங்கிவிடும். அதுவரை மறைந்திருந்த பச்சை தெரியும். பின்னர் அவ்விலையைச் சாராயச்சத்தில் இட்டு, அப்பாத்திரத்தைக் கொதிநீர்ப் பாத்திரத்துள் வைத்துச் சூடாக்கினால் பச்சையும் நீங்கும். சாராயச்சத்தை நேரே தீயில் வைத்தல் ஆகாது, பற்றிக்கொள்ளும். ஆதலின் ஆய்வகத்தில் ஆசிரியர் முன்னிலையிலேயே இதனைச் செய்க. வெளுத்த இலையைக் கழுவி அயோடின் கரைசலை விட்டால், முன்பு பச்சையம் இருந்த இடம் மட்டும் கருநீலமாகும். மாவுச்சத்து அங்கேதான் உண்டாயிற்று. வெண்பகுதியில் அயோடினின் பழுப்பன்றி வேறு நிறம் காணோம்.

மலைக்கு ஒன்று, சமவெளிக்கு ஒன்று

நாம் இழந்த செடியின் பெயர் ரெக்ஸ் பிகோனியா. இது அசாம் காடுகளைத் தாயகமாகக் கொண்டது. 1857ஆம் ஆண்டு அறிவியற்பெயர் பெற்றது. பெருமரங்களின் அடியில், ஈரக்காற்றில், வடிகட்டிய ஒளியில் வளர்வது இதன் இயல்பு. ஏறத்தாழ 1500 மீட்டர் உயரமுள்ள ஏற்காட்டில் கோடையிலும் வெப்பம் 30 பாகை செல்சியசைச் சுற்றியே நிற்கும். மூடுபனி காற்றை ஈரமாக்கும். காப்பித் தோட்டங்களில் நெடிதுயர்ந்த சில்வர் ஓக் மரங்கள் ஒளியைச் சல்லடையிட்டு இறக்கும். அங்குள்ள திண்ணை அச்செடிக்குத் தாய்வீடு போன்றது. சித்திரை வெயிலில் 40 பாகையைத் தொடும் நம் மாடி முகப்போ செக்கு மாட்டுக் கொட்டில்.

ஏற்காட்டின் வரலாறே வெளியூர்ச் செடிகளின் வரலாறு எனலாம். 1820 முதல் 1829 வரை சேலம் மாவட்ட ஆட்சியராக இருந்த காக்பர்ன் காப்பியையும் பேரி முதலிய பழமரங்களையும் அம்மலையில் பயிரிடச் செய்தார். காப்பி ஆப்பிரிக்காவினது, சில்வர் ஓக் ஆசுதிரேலியாவினது. எந்தச் செடி அம்மலையின் பனியையும் நிழலையும் தன் சொந்த ஊரின் பனியாகவும் நிழலாகவும் கண்டதோ அது நிலைத்தது. தொட்டிச் செடிக்கும் இதுவே விதி.

சமவெளியில் வாழ்வோர்க்கு உகந்தது குரோட்டன்ஸ். கடும் வெயிலையும் வெப்பத்தையும் விரும்பும் செடி இது; நிழலில் வைத்தால் நிறம் மங்கும். இதன் தாயகம் இந்தோனேசியத் தீவுகளும் அவற்றைச் சூழ்ந்த பகுதிகளும். இதனைப் பற்றி எழுதியோருள் ரம்பியசு என்பவரை நினைக்கத் தோன்றுகிறது. அம்போன் தீவில் டச்சுக் குழுமப் பணியில் இருந்த அவர் 1670இல் கண்பார்வை இழந்தார். 1674ஆம் ஆண்டு நிலநடுக்கத்தில் மனைவியையும் மகளையும் இழந்தார். 1687இல் நேர்ந்த தீயில் அவருடைய ஓவியங்கள் எரிந்தன. படியெடுத்து ஐரோப்பாவுக்கு அனுப்பிய பகுதிகள் 1692இல் கப்பலோடு கடலில் மூழ்கின. கைவசம் வைத்திருந்த படியைக் கொண்டு மீண்டும் முயன்றார். அவர் 1702இல் மறைந்து ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழிந்த பின்னரே, 1741 முதல் அந்நூல் அச்சேறியது. இன்று குரோட்டன்சுக்குத் தாவர இயலார் வழங்கும் கொடியேயம் என்னும் பேரினப்பெயர் அந்நூல் வழியே வந்ததுதான். வண்ணத்திற்கே பெயர்பெற்ற செடியின் பெயர் கண்ணிழந்த ஒருவரின் நூலிலிருந்து வந்திருக்கிறது.

கோலியஸ் நமக்கு அயலானதன்று. அதன் தண்டைத் தடவிப் பார்த்தால் நாற்பட்டையாக இருக்கும். துளசிக்கும் கற்பூரவல்லிக்கும் அவ்வாறே இருக்கும். மூன்றும் ஒரு குடும்பம். மலையிலும் சமவெளியிலும் வளரும். காலையிளவெயிலும் நண்பகல் நிழலும் போதும். நுனியைக் கிள்ளக் கிள்ளக் கிளைக்கும். பூக்கதிர் தோன்றினால் உடனே கிள்ளிவிடுக. பூக்க விட்டால் இலை சிறுத்து, செடி மூப்படையும்.

கலேடியம் தென் அமெரிக்காவைச் சேர்ந்தது. நம் சேப்பங்கிழங்கின் உறவு. இளஞ்சிவப்பும் வெண்மையும் கலந்த அதன் இலைகள் மழைக்காலத்தில் செழித்து, பனிக்காலத்தில் ஒன்றன்பின் ஒன்றாக மடியும். செடி செத்தது என்று எண்ணித் தொட்டியைக் கவிழ்த்துவிடுவோர் மிகப் பலர். கிழங்கு மண்ணுள் உறங்குகிறது. நீரை நிறுத்தி, மழை படாத மூலையில் வைத்திருந்தால் கோடையில் மீண்டும் குருத்துவிடும். உறங்குகின்ற கிழங்குக்கு நீர் ஊற்றுவதுதான் அதனை உண்மையில் கொல்வது.

டிராசீனா, கார்டிலைன் முதலியன தோற்றத்தால் சிறுமரங்கள். பிறப்பால் தென்னையும் மூங்கிலும் அடங்கிய ஒருவித்திலைக் கூட்டத்தின. தொல்காப்பியர் இவற்றைக் கண்டிருப்பின் புல்லில் சேர்ப்பாரா, மரத்தில் சேர்ப்பாரா என்று நம் மாணவர் ஒருவர் கேட்டார். வகுப்பறையில் ஒரு மணி நேரம் அதிலேயே போயிற்று. நம் மண்ணிலேயே விளையும் மருள், பண்டு நாருக்காக உரிக்கப்பட்டது. அதன் ஆப்பிரிக்க உறவான மஞ்சள் விளிம்புடைய வகையே இன்று அலுவலகங்களில் நிமிர்ந்து நிற்பது. மாதத்தில் இருமுறை நீர் விட்டாலும் அது பொறுத்துக்கொள்ளும்.

ரெக்ஸ் பிகோனியாவைச் சமவெளியில் வளர்க்க வழியே இல்லையோ எனின், உண்டு. இலண்டன் மருத்துவர் வார்டு என்பவர் 1829ஆம் ஆண்டு மூடிய கண்ணாடிக் குடுவை ஒன்றில் கூட்டுப்புழு ஒன்றை வைத்திருந்தார். குடுவையின் ஈரமண்ணில் தானாகவே பெரணி முளைத்ததைக் கண்டார். புகை சூழ்ந்த இலண்டனில் வெளியே வாடிய பெரணி உள்ளே செழித்தது. உள்ளிருந்து ஆவியாகும் நீர் கண்ணாடியில் படிந்து மீண்டும் மண்ணுக்கே இறங்குவதை உணர்ந்தார். 1833இல் அத்தகைய கண்ணாடிப் பேழைகளில் செடிகளைச் சிட்னிக்குக் கப்பலேற்றினார். அவை உயிரோடு சென்றடைந்தன. நாம் பழைய மீன் தொட்டி ஒன்றை எடுத்து, அடியில் ஈர மணல் பரப்பி, அதன்மேல் இரண்டாவது பிகோனியாவைச் சிறுதொட்டியோடு வைத்து, மேலே கண்ணாடியைச் சிறிது இடைவெளி விட்டு மூடினோம். வெயில் நேரே படாத, வீட்டின் மிகக் குளிர்ந்த அறையின் வடக்குச் சன்னலோரம் இடம். இரண்டு கோடைகளைக் கடந்துவிட்டது.

தொட்டியும் நீரும்

மண்தொட்டி மூச்சுவிடும், அதன் சுவர் வழியே நீர் ஆவியாவதால் வேரும் குளிர்ச்சியாக இருக்கும். நெகிழித் தொட்டி எடை குறைந்தது. ஆனால் ஈரத்தை நெடுநேரம் தேக்கும். சிமெண்டுத் தொட்டி வெயிலில் கொதிக்கும். எதுவாயினும் அடியில் துளை வேண்டும். துளையின் மீது வளைந்த ஓட்டாஞ்சில்லு ஒன்று போதும், மண் வழியாதிருக்க. நீர் நன்கு வடியும் என்று கருதி அரைத்தொட்டி அளவுக்குக் கல்லும் சில்லும் நிரப்புவோர் உளர். நாமும் அப்படித்தான் செய்துவந்தோம். உண்மை அதற்கு மாறானது. மண்ணின் அடிப்பகுதியில் ஈரம் தேங்கும் அடுக்கு ஒன்று எப்போதும் உண்டு. கீழே கல்லை நிரப்பினால் அவ்வடுக்கு மேலேறி வேரின் அருகே வந்துவிடும். மண் முழுவதையும் இளகியதாகச் செய்வதே வழி. செம்மண் இரு பங்கு, மணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழுவுரமோ இலைமக்கோ ஒரு பங்கு என்பது பொதுவான கலவை. பிகோனியா முதலியவற்றுக்கு இலைமக்கைக் கூட்டிச் செம்மண்ணைக் குறைக்கலாம். தென்னைநார்க் கழிவைப் பயன்படுத்துவோர் அதனை நன்னீரில் இரண்டு மூன்று முறை அலசி உப்பை நீக்கிக்கொள்க.

சிறுசெடியைப் பெருந்தொட்டியில் வைப்பது அன்பின் மிகுதியால் நேரும் பிழை. வேர் எட்டாத மண்ணில் நீர் தேங்கிப் புளிக்கும். வேர் நிறைந்த பின் அடுத்த அளவுத் தொட்டிக்கு மாற்றினால் போதும். மாடியில் வைப்போர் எடையையும் எண்ண வேண்டும். ஓரடி அகலமுள்ள தொட்டி ஈரமண்ணோடு 20 கிலோவுக்கு மேல் நிற்கும். கைப்பிடிச் சுவர்மீது அதனை வைத்துவிட்டுக் கீழே குழந்தைகளை விளையாட விடுதல் தகாது.

இனி நீர். நம் முதற்செடி மாண்ட இடம் இதுவே. வேர் நீரை மட்டும் குடிப்பதில்லை. மண்ணிடைக் காற்றையும் உட்கொள்கிறது. மண்ணின் இடைவெளியெல்லாம் நீர் நிறைந்தால் வேர் மூச்சுத்திணறி அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஆகவே நீரில் நின்றுகொண்டே இலை வாடும். வறட்சியால் வாடிய செடியும் வெள்ளத்தால் வாடிய செடியும் பார்வைக்கு ஒன்றுபோலவே தலைசாய்ந்து நிற்கும். பசலை பூத்த தலைவியைக் கண்டு நோய் இன்னதென்று அறியாமல் வேலனை அழைத்த தாயைப் போல, வாடிய செடியைக் கண்டதும் நாம் குடத்தை எடுக்கிறோம். அதற்குமுன் விரலை மண்ணில் இரு கணு அழுத்திப் பார்த்திருக்க வேண்டும். ஈரமாக இருந்தால் நீர் வேண்டா. உலர்ந்திருந்தால் அடித்துளை வழியே வடியும்வரை ஊற்றி, பின்னர் மண் உலரும்வரை விடுக. நாளும் ஒரு குவளை என்று கணக்கு வைத்தல் செடியறியாதார் செயல்.

எந்நீர் என்பதும் சிந்திக்கத்தக்கது. இன்று பல வீடுகளில் குடிநீர்ச் சுத்திகரிப்புக் கருவி உள்ளது. அது வெளியேற்றும் கழிவுநீரில் உப்பு செறிந்திருக்கும். வீணாக்கக் கூடாதே என்று அதனைத் தொட்டிக்கு ஊற்றினால் நாளடைவில் மண் மேற்பரப்பில் வெள்ளை படிந்து இலைநுனி கருகும். தரை கழுவ அது போதும். அரிசி களைந்த நீரை நீர்த்து எப்போதேனும் விடலாம். உரத்திலும் மிகை கூடாது. தழைச்சத்து மிகுந்தால் இலை பெருகிப் பசுமை ஓங்கி, நாம் விரும்பிய வண்ணம் பின்வாங்கும்.

தொட்டிக்கடியில் வைக்கும் தட்டில் நீர் தேங்க விடுதல் வேருக்கும் கேடு, வீட்டுக்கும் கேடு. தெளிந்த நீரில் முட்டையிடும் ஏடிசு கொசு அத்தட்டையே தேடி வரும். டெங்குக் காய்ச்சலைப் பரப்புவது அதுவே. முட்டை கொசுவாக ஒரு வாரம் முதல் பத்து நாள் வரை ஆகும். வாரம் ஒருமுறையேனும் தட்டைக் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவினால் போதும்.

ஒன்று பலவாதல்

கோலியசின் ஒரு சாண் தண்டு நீர்க்குவளையில் ஓரிரு வாரத்தில் வேர்விடும். குரோட்டன்சுக்கு விண்பதியம் சிறந்தது. பென்சில் பருமனுள்ள கிளையில் ஓரங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக நீக்கி, ஈரமான தென்னைநார்த் துகளைச் சுற்றி, நெகிழித் தாளால் இறுகக் கட்டிவிட வேண்டும். வேர்கள் தாளினூடே தெரிந்ததும் வெட்டி நடலாம். வெட்டும்போது வடியும் பால் தோலை அரிக்கும், கையுறை நன்று.

ரெக்ஸ் பிகோனியாவை இலையிலிருந்தே பெருக்கலாம். முதிர்ந்த இலையின் தடித்த நரம்புகளைப் பின்புறத்தில் ஆங்காங்கே கீறி, ஈரமணலில் பரப்பிச் சிறுகற்களால் அழுத்தி வைத்தால், கீறிய இடந்தோறும் சின்னஞ்சிறு செடிகள் முளைக்கும். மருளையும் இலைத்துண்டால் பெருக்கலாம். ஆனால் மஞ்சள் விளிம்புடைய மருளில் இம்முறை ஏமாற்றும்; முளைப்பன எல்லாம் மஞ்சள் இழந்தே பிறக்கும். அம்மஞ்சள் இலையின் வேறொரு திசுவடுக்குக்கு உரியது. துண்டிலிருந்து பிறக்கும் முளையோ மற்ற அடுக்கிலிருந்து எழுகிறது. விளிம்பு வேண்டுமாயின் பக்கக்கன்றைக் கிழங்கோடு பிரித்து நடுவதே வழி. மாவுப்பூச்சி கண்டால் சில துளி வேப்பெண்ணெயைச் சோப்பு நீரில் கலக்கித் தெளித்துத் துணியால் துடைத்துவிடலாம்.

மிகையும் தீங்கும்

இச்செடிகள் அறைக்காற்றைத் தூய்மை செய்யும் என்று விற்பனையாளர் சொல்லக் கேட்கிறோம். 1989இல் அமெரிக்க விண்வெளி ஆய்வு நிறுவனம் வெளியிட்ட ஆய்வொன்றே இதற்கு மூலம். அவ்வாய்வு இறுக மூடிய சிறு கூண்டுகளில் நிகழ்ந்தது. காற்று வந்துபோகும் வீடுகளுக்கு அது பொருந்தாது என்பதை 2019இல் வெளிவந்த மறுஆய்வு எடுத்துக்காட்டியது. சன்னலைத் திறந்து வைப்பதற்கு ஈடாக வேண்டுமாயின் தரையின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் பத்து முதல் ஆயிரம் செடிகள் வரை தேவையாம். பிறகு மனிதர் எங்கே அமர்வது? கண்ணுக்கினிமை என்னும் ஒன்றே இவற்றை வளர்க்கப் போதிய காரணம்.

குழந்தைகள் உள்ள வீட்டார் கவனிக்க வேண்டியது ஒன்று. டிபன்பேக்கியா, கலேடியம், மணி பிளாண்ட் ஆகியவற்றின் சாற்றில் ஊசிபோன்ற நுண்படிகங்கள் உள்ளன. பச்சைச் சேம்பு நாவில் பட்டால் அரிப்பதும் இதனாலேயே. தவழும் குழந்தை இலையைக் கடித்தால் நாவும் உதடும் வீங்கும். இவற்றைக் கைக்கெட்டாத உயரத்தில் வைக்க வேண்டும். கடித்துவிட்டால் வாயை நன்கு கழுவித் துடைத்து மருத்துவரிடம் காட்டுக.

மணி பிளாண்டைப் பற்றி மேலும் சொல்ல வேண்டும். பசிபிக் கடலிலுள்ள மொரேயா என்னும் சிறுதீவைத் தாயகமாகக் கொண்ட இக்கொடி, குப்பியில் உள்ளங்கை அளவு இலையோடு அடக்கமாகக் கிடக்கும். மரத்தில் ஏறிவிட்டாலோ முறம்போல் இலைவிடும். இலங்கையில் கண்டி நகரையடுத்த உடவத்தகலே காப்புக்காட்டில் ஏறத்தாழ 20 எக்டேர் பரப்பை இது மூடிப் படர்ந்திருக்கிறது. நம் மலைகளில் உண்ணிச்செடி பரவியதும் இவ்வாறே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கல்கத்தாத் தாவரத் தோட்டத்துக்கு அழகுச்செடியாக வந்தது, இன்று காட்டின் அடிநிலம் முழுதும் முள்ளாக நிற்கிறது. கண்டியைப் போலவே ஈரமும் நிழலும் ஏறிச்செல்ல மரங்களும் உடைய கொட்டச்சேட்டுச் சாலையோரத்தில், கவாத்து செய்த மணி பிளாண்டுத் துண்டுகளைக் கொட்டினால் அவை காய்ந்து போகும் என்று எண்ணற்க. ஒவ்வொரு கணுவும் ஒரு செடி.

மலையிலிருந்து நாம் கீழிறக்குவதிலும் இதே கருத்து வேண்டும். சுற்றுலா செல்வோர் சிலர் பாறையிலுள்ள பெரணியையும் மரத்தில் ஒட்டிய ஆர்க்கிடையும் பிடுங்கிப் பையிலிட்டு வருகின்றனர். ஆர்க்கிடு விதை முளைப்பதற்கு அவ்விடத்துப் பூஞ்சை ஒன்றின் துணை வேண்டும். பிடுங்கிய இடத்தில் இன்னொன்று எளிதில் வாராது. கொண்டுவந்ததும் பெரும்பாலும் பிழைக்காது. காண வேண்டுவோர்க்கு 1963இல் இந்தியத் தாவர மதிப்பாய்வகம் நிறுவிய ஆர்க்கிடு தோட்டம் ஏற்காட்டிலேயே உள்ளது.

சென்ற ஐப்பசியில் கொட்டச்சேடு வழியே மீண்டும் சென்றோம். கைராசி இல்லாத நாம் விண்பதியமிட்டு எடுத்த குரோட்டன்ஸ் ஒன்றை அந்த அம்மையாருக்குக் கொண்டுபோய்க் கொடுத்தோம். திருப்பிப் பார்த்துவிட்டு, "இங்க பனி தாங்குமாங்க சார்?" என்றார். இம்முறை நாம் சிரிக்கவில்லை. மார்கழியில் அச்செடி இலை முழுதும் உதிர்த்துக் குச்சியாக நிற்பதாக அவ்வூர் மாணவர் ஒருவர் வழியே செய்தி வந்தது. தண்டை நகத்தால் சுரண்டிப் பார்க்கச் சொன்னோம். உள்ளே பச்சை இருக்கிறதாம். நீரைக் குறைத்து, பிற்பகல் வெயில் படும் மேற்குச் சுவரோரம் பங்குனி வரை வைத்திருக்கும்படி சொல்லியனுப்பியிருக்கிறோம்.